கத்திக்கு கிரையோ: மலையில் திரவ நைட்ரஜன் கேன் எது வாங்கலாம், எப்படிப் புழங்கலாம்?

கோத்தகிரி_பட்டறை

வணக்கம். சமையல் கத்திக்கு ஏ.இ.பி.-எல் எவர்சில்வர் எஃகு 2.5 மி.மீ., தோட்ட வேலைக் கத்திக்கு டி2 கருவி எஃகு 4 மி.மீ. தகடு. மாதம் எட்டிலிருந்து பத்து கத்தி அலகு செய்கிறேன். மஃபிள் ஃபர்னஸ், சூடான அலகை அழுத்திக் குளிர்விக்க அலுமினிய பிளேட், டெம்பருக்கு (கடினமான எஃகு உடையாமல் இருக்க மிதமாகச் சூடாக்குவது) தனி அவன் எல்லாம் இருக்கு. சப்-ஜீரோ (கிரையோ), அதாவது கடினமாக்கிய அலகைத் திரவ நைட்ரஜனால் பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழே குளிர்விப்பது, மட்டும்தான் பாக்கி. பெரிய கத்தியின் அலகு நீளம் 220 மி.மீ., அகலம் 52 மி.மீ.

மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக்கு வைக்கிற மாதிரி 3 லிட்டர் கேன் போதுமா? இல்லை 35 லிட்டருக்குப் போகணுமா? எவர்சில்வர் ஃப்ளாஸ்க் ஆகும்னு சிலர் சொல்றாங்க. கோயம்புத்தூரிலிருந்து மேலே கொண்டுவரும்போது எவ்வளவு ஆவியாகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

குன்னூர்_உலை

லிட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் அளக்க வேண்டியது கேனின் வாய், அடுத்தது உள்ளே திரவம் நிற்கிற ஆழம்.

வாய்: சினை ஊசிக் கேன்களில் பெரும்பாலும் கழுத்தின் உள்விட்டம் 50 மி.மீ. பக்கம்தான். உங்கள் 52 மி.மீ. கத்தி அதில் இறங்கவே இறங்காது. 45 மி.மீ. கத்தியும் சிரமம்தான், ஏன்னா நாலு தடவை திறந்து மூடினதும் வாயோரம் உறைபனி வளையம் கட்டிக்கும், அதில் கத்தி உரசும். கத்தி அகலத்தைவிட வாய் குறைஞ்சது 10 மி.மீ. கூட இருக்கணும்.

ஆழம்: இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. 35 லிட்டர் கேன் குண்டு வயிறு. உள்விட்டம் 40 செ.மீ. என்று வைத்தால் ஒரு செ.மீ. உயரம் ஏற 1.25 லிட்டர் வேண்டும். 22 செ.மீ. அலகு நட்டுக்குத்தாக முழுக, கீழே 2 செ.மீ. இடைவெளியும் சேர்த்து 24 செ.மீ. திரவம். அதாவது 30 லிட்டர்! நாலு கத்திக்காக 30 லிட்டரை எப்பவும் வைத்திருக்கணும். அதே கணக்கு, உள்விட்டம் 22 செ.மீ. உள்ள ஒல்லியான 10 லிட்டர் கேனுக்கு: ஒரு செ.மீ.க்கு 0.38 லிட்டர், 24 செ.மீ.க்கு 9 லிட்டர்.

3 லிட்டர் கேனை விட்டுடுங்க. வெளியே பார்க்க உயரமா இருந்தாலும் பாதி உயரம் கழுத்தும் இன்சுலேஷனும்தான். முழுசா நிரப்பினாலும் பெரிய கத்தி முழுகாது. பேனாக்கத்தி, சின்ன உரி கத்தி மட்டும் செய்கிறவருக்கு அது சரி.

ஆனால் வாய் அகலமானால் ஆவியும் அதிகம். 50 மி.மீ. வாய் 10 லிட்டர் கேனில் நாளுக்குச் சுமார் 0.1 லிட்டர். 125 மி.மீ. வாய் 30-35 லிட்டர் கேனில் நாளுக்கு 0.3 முதல் 0.4 லிட்டர். இதெல்லாம் மூடிவைத்த கணக்கு. வாரம் ரெண்டு தடவை திறந்தால் இன்னும் கூடும்.

சீனத் தயாரிப்பு கேன்களின் பெயரிலேயே இந்த ரெண்டு அளவும் இருக்கு. ஒய்.டி.எஸ். 35-125 என்றால் 35 லிட்டர், வாய் 125 மி.மீ. நடுவில் பி எழுத்து வந்தால், அதாவது 35பி-125 என்றால், வண்டியில் ஏற்ற ஏதுவாக உள்தாங்கல் போட்ட வகை. மலைக்கு ஏற்றி இறக்க வேண்டியிருந்தால் பி வகையே பாருங்க.

---

மேட்டுப்பாளையம்_எஃகு

கேன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தைங்க. எந்த எஃகுக்கு வேணும், எதுக்கு வேண்டாம்னு பார்த்துட்டுப் பணம் போடுங்க.

தோய்ச்சல் (சூடான எஃகைச் சட்டுனு குளிர்விக்கறது) முடிஞ்சதும் எஃகு முழுசும் மார்ட்டென்சைட், அதாவது கடினமான அமைப்பு, ஆகிடறதில்லைங்க. சூட்டில் இருந்த மென்மையான அமைப்பான ஆஸ்டினைட் கொஞ்சம் மாறாம மிச்சம் நிக்கும். அந்த மாற்றம் முடியற வெப்பநிலை சில எஃகுக்கு அறை வெப்பத்துக்கு மேலேயே இருக்கு, சிலதுக்குப் பூஜ்யத்துக்கு ரொம்பக் கீழே. கரைஞ்ச கார்பனும் குரோமியமும் கூடக் கூட அது கீழே இறங்கும்.

லாரி ஸ்பிரிங் பிளேட்டில் அடிக்கிற அரிவாள், கவாத்துக் கத்தி: நைட்ரஜன் வேண்டவே வேண்டாம். நல்ல எண்ணெய்த் தோய்ச்சல், உடனே டெம்பர், அவ்வளவுதான். நீலகிரியில் கோத்தர் கொல்லர்கள் தலைமுறை தலைமுறையா அடிச்ச இரும்பு வேலைக்கு உலையும் கையும்தான் ஆதாரம். தேயிலைக் கவாத்துக்கு இன்னைக்கும் அந்த மாதிரி கார்பன் எஃகுதான் சரி, காட்டிலேயே தீட்டிக்கலாம்.

இ.என்.31 (பேரிங் எஃகு), ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் தோய்க்கிற கருவி எஃகு): கொஞ்சம் பலன் உண்டு. செலவுக்குத் தகுந்த பலனான்னு நீங்கதான் பார்த்துக்கணும்.

டி2, 440சி, ஏ.இ.பி.-எல்: இதுக்குத்தாங்க கிரையோ. ஏ.இ.பி.-எல்லை 1,075 டிகிரியில் வைத்துப் பிளேட்டில் அழுத்தினப்புறம் அப்படியே டெம்பர் பண்ணினா கடினம் ஒண்ணு ரெண்டு எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு) குறைஞ்சே நிக்கும். கத்தி தீட்டும்போது பிசிறு விழாம மடங்கி மடங்கி வரும். அந்த மிச்ச ஆஸ்டினைட்தான் காரணம்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. ஃபர்னஸ் அளவுக்கு மேலே சூடாகி உள்ளே இருக்கிற படிக மணிகள் பெருத்துப்போன எஃகை நைட்ரஜன் காப்பாத்தாது. தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) சரியா காட்டுதான்னு பார்த்த பிறகு கேன் வாங்குங்க.

---

கொடை_தணல்

> 22 செ.மீ. அலகு நட்டுக்குத்தாக முழுக... 30 லிட்டர்

குன்னூர் ஐயா, இதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அலகு முழுகியே ஆகவேண்டும் என்பதில்லை.

மிச்ச ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாக மாறுவது பெரும்பாலும் எந்த வெப்பநிலைக்கு இறங்கினோம் என்பதைப் பொறுத்தது, எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்தது அல்ல. உலர்பனியை ஆல்கஹாலில் போட்டு மைனஸ் 78-க்கு இறக்கினாலே ஏ.இ.பி.-எல்லில் பெரும்பகுதி மாறிவிடும். நல்ல கேனில் திரவத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஆவியே மைனஸ் 150-க்குக் கீழே இருக்கும். அடியில் 8-10 செ.மீ. திரவம் இருந்தால் போதும், அதற்கு மேலே அலகைத் தொங்கவிட்டு மூடிவிடலாம். மெதுவாகக் குளிர்வதால் அதிர்ச்சியும் இல்லை, பொங்கி வீணாவதும் இல்லை.

---

குன்னூர்_உலை

கொடை நண்பர் சொல்வது சரிதான், ஒரு நிபந்தனையோட. ஆவியின் குளிர் உயரத்துக்கு உயரம் மாறும். திரவத்தை ஒட்டி மைனஸ் 190, கழுத்துக்குள் ஏற ஏறச் சூடு, வாயருகே பூஜ்யத்தைத் தொடும். கத்தியின் முனை கீழே, குதி (கைப்பிடியை ஒட்டிய பாகம்) மேலே என்று தொங்கும்போது குதிப்பக்கம் கழுத்துக்குள் இருந்தால் அந்தப் பாகம் மாறாமலே போகும். ஒரே கத்தியில் முனை 62 எச்.ஆர்.சி., குதி 60 என்று அளந்து குழம்புவது இதனால்தான்.

ஆகவே அலகு முழுவதும் வயிற்றுப் பகுதிக்குள் இருக்கணும், வால் (கைப்பிடிக்குள் போகிற பாகம்) மட்டும் கழுத்தில் இருக்கலாம். தெர்மோகப்பிள் ஒன்றை அலகின் குதியில் கம்பியால் கட்டி ஒரு தடவை பார்த்துடுங்க. டி (T) வகை நல்லது, பி.டி.100 உணரியும் ஆகும். கே வகையும் ஓடும், ஆனா சாதாரண மல்டிமீட்டர் மைனஸ் 50-க்குக் கீழே காட்டாது, மீட்டரின் அளவெல்லையைப் பார்த்துக்கோங்க. குதி மைனஸ் 120-க்குக் கீழே வந்து அரை மணி நின்றால் போதும்.

முழுக்கியே ஆகணும் என்கிறவருக்கு 125 மி.மீ. வாயில் இன்னொரு வழி இருக்கு. அடிமூடி பற்றவைத்த எவர்சில்வர் குழாய் ஒன்று: 304 தரம், உள்விட்டம் 60 மி.மீ., சுவர் 1.2 மி.மீ. மேலே ரெண்டு காது வைத்து மரக்கட்டையில் மாட்டி வாயின் குறுக்கே தொங்கவிடணும். குழாயின் அடி கேனின் தரையைத் தொடக்கூடாது, உள்கலன் மெல்லிய அலுமினியம், அடிபட்டால் போச்சு. அரை மணி ஆவியில் குளிரவிட்டு, நீளக் கைப்பிடி போட்ட எவர்சில்வர் கரண்டியால் அடித் திரவத்தை மொண்டு குழாய்க்குள் ஊற்றணும். 30 செ.மீ. நிரம்ப 850 மி.லி. போதும். சுற்றிலும் குளிர் ஆவி இருப்பதால் குழாய்க்குள் திரவம் நின்று நிதானமா குறையும். வேலை முடிஞ்சதும் குழாயை வெளியே எடுத்துடுங்க, உள்ளேயே விட்டால் சூட்டைக் கீழே கடத்திக்கிட்டே இருக்கும்.

ஜி.ஐ. குழாய், இரும்புக் குழாய், பி.வி.சி. எதுவும் வேண்டாம். அந்தக் குளிரில் எல்லாம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கத்தி கட்டும் கம்பியும் அப்படித்தான். 304 கம்பி 1.5 மி.மீ. அல்லது செம்புக் கம்பி. கட்டுக்கம்பி உள்ளேயே முறிஞ்சு கத்தி அடியில் விழுந்தால் எடுப்பது பெரும்பாடு.

---

உதகை_பால்பண்ணை

சினை ஊசிக் கேன் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். கத்தி வேலை எனக்குத் தெரியாது, கேன் தெரியும்.

இந்தியன் ஆயிலின் நாசிக் ஆலைக் கேன்கள்தான் நாடு முழுக்க மாட்டாஸ்பத்திரிகளில் அதிகம். 3 லிட்டர் பி.ஏ.3 கையில் தூக்க, 55 லிட்டர் டி.ஏ.55 சேமித்து வைக்க. தனியாருக்குப் பழைய கேன் கைமாறி வருவதுண்டு. வாங்கும்போது கீழ்க்கண்டதைச் செய்யாமல் பணம் தராதீர்கள்.

நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள், அப்போதுதான் உள்கலனும் சுவர்ப்படலங்களும் முழுதாகக் குளிர்ந்து நிலைக்கும். பிறகு தராசில் எடை. மறுநாள் அதே நேரம் மறுபடி எடை. திரவ நைட்ரஜன் லிட்டருக்கு 0.807 கிலோ. 300 கிராம் குறைந்தால் 0.37 லிட்டர். 50 மி.மீ. வாய்க் கேன் இவ்வளவு இழந்தால் இரு சுவர்களுக்கு இடையிலான வெற்றிடம் போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளிச்சுவரில், முக்கியமாகத் தோள்பட்டையில், வியர்வையோ பனியோ பூத்தால் எடை போடவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊட்டி மூட்டத்தில் எல்லாமே ஈரமாகத்தான் இருக்கும், அதனால் பக்கத்தில் ஒரு காலி இரும்பு டின்னை வைத்து ஒப்பிடுங்கள். டின் உலர்ந்திருக்கக் கேன் மட்டும் நனைந்திருந்தால் பழுது.

உள்கலன் கழுத்துக் குழாயில் மட்டும்தான் தொங்குகிறது. கழுத்து ஃபைபர் குழாய், அலுமினியத்தோடு பசையால் ஒட்டியது. பக்கவாட்டில் ஓர் இடி போதும், ஒட்டு விட்டு வெற்றிடம் போய்விடும். சாய்த்து உருட்டுவது, ஒரு காதை மட்டும் பிடித்துத் தூக்குவது கூடாது.

உயிரியல் மாதிரி அனுப்பும் ட்ரை ஷிப்பர் என்ற வகையும் பழைய சந்தைக்கு வரும். பார்க்க அதே மாதிரி இருக்கும், உள்ளே உறிஞ்சும் பொருள் அடைத்திருப்பார்கள். அதில் திரவம் தனியாக நிற்காது.

ஒரு வேண்டுகோள். ஊரில் உள்ள அரசு மருந்தகத்திலோ ஆவின் ஊழியரிடமோ "ரெண்டு லிட்டர் ஊத்துங்க" என்று கேட்காதீர்கள். உதகையில் ஆவினின் ஜெர்சி காளைப் பண்ணையில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள் அந்தத் திரவத்தில்தான் உயிரோடு கிடக்கின்றன. மட்டம் இறங்கினால் குச்சி கெடும். அது வெளியே தெரியாது. ஊசி போட்ட பசு சினை பிடிக்காதபோதுதான் தெரியும். வாங்குவதைக் கோவை வாயு முகவரிடமே வாங்குங்கள்.

---

கோத்தகிரி_பட்டறை

மிக்க நன்றி. மட்டம் பார்ப்பது எப்படி? டார்ச் அடித்துப் பார்த்தால் புகையாகத்தான் தெரிகிறது என்கிறார்கள்.

---

உதகை_பால்பண்ணை

மரக்குச்சிதான், வேறு எதுவும் வேண்டாம். உலர்ந்த ஒரு மர ஸ்கேலைத் தரை தொடும்வரை இறக்கிப் பத்து விநாடி நிறுத்துங்கள். வெளியே எடுத்துக் காற்றில் ரெண்டு வீச்சு வீசினால் திரவத்தில் இருந்த பகுதி மட்டும் வெள்ளையாகப் பனி பூக்கும். அந்தக் கோடுதான் மட்டம்.

உள்ளே ஓட்டை உள்ள குழாயை, பிளாஸ்டிக் பைப்பை இறக்கக்கூடாது. கீழே கொதிக்கும் ஆவி குழாய் வழியாகத் திரவத்தை மேலே பீய்ச்சும், நேராக முகத்துக்கு.

---

கொடை_தணல்

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூச்சுக்காற்று.

ஒரு லிட்டர் திரவம் கடல்மட்டத்தில் சுமார் 0.7 கன மீட்டர் வாயுவாகும். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அதனால் அதே லிட்டர் இங்கே சுமார் 0.9 கன மீட்டராக விரியும்.

பத்துக்குப் பத்து அடி அறை, எட்டு அடி உயரம், குளிருக்காகச் சன்னல் சாத்தியிருக்கிறது: ஏறத்தாழ 22 கன மீட்டர். 5 லிட்டர் கொட்டிவிட்டால் ஆக்ஸிஜன் 20.9-லிருந்து 17 சதவீதத்துக்கு இறங்கும். அது கடல்மட்டத்து 17 அல்ல. மெல்லிய மலைக்காற்றில் அந்த 17, கீழே 13 சதவீதக் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். 13-இல் தலை சரியாக ஓடாது, தப்பிக்க வேண்டும் என்ற நினைப்பே மந்தமாகிவிடும். நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சு முட்டும் உணர்வும் வராது. குளிர்ந்த வாயு தரையோடு படியும், குனிந்து எதையாவது எடுக்கும் தலை முதலில் அதற்குள் போகும்.

சன்னலும் கதவும் எதிரெதிராகத் திறந்திருக்க வேண்டும். நடுங்கினாலும் பரவாயில்லை, ஜெர்கின் போட்டுக்கொள்ளுங்கள். இயன்றால் வேலையைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிஜன் மீட்டர் வாங்கினால் மேலே கொண்டுவந்து திறந்த வெளியில் மறுபடி அளவிட வேண்டும். பகுதி அழுத்தத்தை அளக்கும் வகை மீட்டர், சமவெளியில் அளவிட்டதோடு ஊட்டிக்கு வந்தால் 16 என்று காட்டிக் கத்திக்கொண்டே இருக்கும். எரிச்சலில் அதை அணைத்துவிடுவார்கள், ஆபத்தே அங்கேதான்.

---

மேட்டுப்பாளையம்_எஃகு

வண்டி விஷயம் நான் சொல்றேனுங்க.

காருக்குள்ளேயோ டிக்கியிலேயோ வேண்டாம். கார் உள்ளே மொத்தம் மூணு கன மீட்டர் காத்துதான். நாலு லிட்டர் சிந்தினாலே அத்தனையும் நைட்ரஜன். திறந்த பிக்கப், பின்னாடி தட்டில் கேன் நிமிர்ந்து நிக்கணும். கீழே பழைய டயர் ஒண்ணு போட்டு அதுக்குள்ளே இறக்கி, நாலு பக்கமும் கயிறு. மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணிலும் கேன் சாயப் பார்க்கும்.

இன்னொண்ணு, மேலே ஏற ஏற அழுத்தம் குறையுது இல்லைங்களா, அதனால் கொதிநிலையும் இறங்குது. கீழே மைனஸ் 196, ஊட்டியில் மைனஸ் 198 பக்கம். அந்த ரெண்டு டிகிரி குளிர்றதுக்குத் திரவமே கொஞ்சம் ஆவியாகணும். கணக்குப் போட்டா மொத்தத்தில் ரெண்டு சதவீதம். 30 லிட்டருக்கு 600 மி.லி. குலுக்கலில் போறது தனி. அது வெளியே போக வழி வேணும். மூடி தளர்வா உக்காந்திருக்கணும், சாக்கு வெச்சு இறுக்கி டேப் ஒட்டறவங்க இருக்காங்க, செய்யவே கூடாதுங்க.

வெளி மாவட்ட வண்டின்னா இ-பாஸ் எடுத்துட்டு ஏறுங்க, சோதனைச்சாவடியில் வெயிலில் கேனோட நிக்க வேண்டாம்.

---

பட்டிவீரன்பட்டி_சாணை

இடையில் ஒரு சந்தேகம். தெர்மாகோல் பெட்டியில் ஊற்றி உடனே முடித்துவிட்டால் கேனே தேவையில்லையே? ஃப்ளாஸ்க் பற்றியும் பதில் வரவில்லை.

---

குன்னூர்_உலை

தம்பி, தெர்மாகோல் ஆகும், அன்றைக்கே வாங்கி அன்றைக்கே முடிக்கிறதா இருந்தால். 5 செ.மீ. கனச் சுவர், அரை சதுர மீட்டர் பரப்பு என்றால் மணிக்கு ஒன்றரை லிட்டர் போகும். நீள வாக்கில் படுக்கப் போடலாம் என்பது அதன் வசதி: 40 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலப் பெட்டியில் 5 செ.மீ. திரவம் ரெண்டே லிட்டர். மருந்து வருகிற தடிப் பெட்டிதான் வேண்டும், டி.வி. அட்டைப்பெட்டித் தெர்மாகோல் பிளந்துவிடும். அடியில் மரப்பலகை. கத்தி முனை சுவரில் குத்தாமல் எவர்சில்வர் வலைத் தட்டில் வைத்து இறக்கணும்.

ஒரு எச்சரிக்கை. திறந்து கிடக்கும் திரவ நைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனைக் குளிர்வித்து உள்ளே இழுக்கும், ஆக்ஸிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். நேரம் ஆக ஆகத் திரவத்தில் ஆக்ஸிஜன் பங்கு கூடும். எண்ணெய்த் தோய்ச்சல் போட்ட கத்தியைத் துடைக்காமல் இறக்காதீங்க. எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேரக்கூடாது. மிஞ்சின கடைசிக் கால் லிட்டரை மறுபடி கேனில் ஊற்றாமல் வெட்டவெளியில் மண் தரையில் விட்டுடுங்க.

ஃப்ளாஸ்க்: கண்ணாடி உள்ள வகை வெடித்துச் சிதறலாம். எவர்சில்வர் ஃப்ளாஸ்க் சில மணி நேரம் தாங்கும், ஆனா அதற்குத் திருகு மூடி இருக்கு. யாராவது ஒருத்தர் பழக்கதோஷத்தில் மூடியைத் திருகினால் அது குண்டு. வீட்டிலிருக்கும் பொருளை இதற்குப் பழக்க வேண்டாம். வேண்டாம் என்பதே என் பதில்.

---

கொடை_தணல்

இனி வேலை வரிசை. ஏ.இ.பி.-எல், 2.5 மி.மீ.:

அலகை உலோக ஃபாயிலில் சுற்றி உலையில் 1,065 முதல் 1,080 டிகிரி, பத்துப் பதினைந்து நிமிடம். ஃபாயிலோடு எடுத்து அலுமினிய பிளேட்டுக்கு நடுவே அழுத்திக் கை பொறுக்கும் சூடு வரை. பிறகு ஃபாயிலைக் கண்டிப்பாகக் கழற்றுங்கள். ஃபாயில் மடிப்புக்குள் திரவம் புகுந்து, வெளியே எடுத்ததும் வழியின்றி விரிந்து பட்டென்று வெடிக்கும். வளைவு இருந்தால் இந்த இடைவெளியில் பிளேட்டில் வைத்து நேராக்கிவிடுங்கள். அலகைத் துடைத்து ஈரமில்லாமல் செய்யுங்கள்.

பிளேட்டிலிருந்து கேனுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். இரவெல்லாம் மேசையில் கிடந்தால் மிச்ச ஆஸ்டினைட் நிலைபெற்றுவிடும், பிறகு எவ்வளவு குளிரூட்டினாலும் முழுதாக அசையாது. "கிரையோ போட்டும் கடினம் ஏறவில்லை" என்று வரும் புகார்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஆவியில் தொங்கட்டும். முழுக்குகிறவர்கள் அப்புறம் மெதுவாகத் திரவத்துக்குள் இறக்குங்கள். அலகு முழுகும்போது சுற்றிலும் ஆவித்திரை சூழ்ந்துகொள்ளும், சீராக ஒரு சலசலப்பு மட்டும் கேட்கும். ஒரு கட்டத்தில் திரை கிழிந்து திரவம் நேராக எஃகைத் தொடும். அப்போது திடீரென்று பொங்கிக் கரகரவென்று இரையும். புதியவர்கள் விரிசல் விட்டுவிட்டது என்று பயந்து உருவிவிடுவார்கள். உருவாதீர்கள். சில விநாடிகளில் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதிதான் அலகு திரவத்தின் வெப்பநிலைக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

அதன்பின் அரை மணியோ ஒரு மணியோ. 24 மணி நேரம் வைத்தால் நுண்கார்பைடு (மிகச் சிறிய கடினத் துகள்கள்) கூடித் தேய்மானம் குறையும் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு, குறிப்பாக டி2-வுக்கு. அப்படி ஒன்றும் தெரியவில்லை என்பனவும் உண்டு. சமையல் கத்திக்கு ஒரு மணிக்கு மேல் திரவம் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம்.

வெளியே எடுத்து மரப்பலகையில், அசையாத காற்றில். கல் மேடையில் கீழே போடாதீர்கள், டெம்பர் ஆகாத மார்ட்டென்சைட் உடையும். அறை வெப்பத்துக்கு வந்ததும் பூத்த நீரைத் துடைத்து நேராக அவனுக்குள்: 175 டிகிரி, ரெண்டு மணி, ரெண்டு தடவை. 61-62 எச்.ஆர்.சி. வரும்.

டி2 என்றால் 1,010-1,020 டிகிரி, அரை மணி. டெம்பர் 200 டிகிரி ரெண்டு தடவை. டி2-வில் பூத்த நீரைத் துடைக்காமல் அவனில் வைத்தால் துருப்புள்ளி விழும்.

மின்வெட்டு மலையில் புதிதல்ல. அவன் சூடேறித் தயாரான பிறகே கத்தியைக் கேனில் இறக்குங்கள்.

---

பட்டிவீரன்பட்டி_சாணை

டி2-வில் முனைக்கு ஒரு விரல் மேலே மயிர் போல விரிசல் வருகிறது என்றால் நைட்ரஜன்தானே காரணம்?

---

கொடை_தணல்

பெரும்பாலும் இல்லை. தோய்ச்சலில் ஏறிய இறுக்கத்தை நைட்ரஜன் வெளிக்காட்டுகிறது. மூன்றைப் பாருங்கள். விளிம்பை அரை மி.மீ.க்கும் மெலிதாக முன்பே சாணை பிடித்திருந்தால், அது. 36, 60 கிரிட் பெல்ட் கோடுகள் முதுகிலிருந்து விளிம்புக்குக் குறுக்காக ஆழமாக இருந்தால், விரிசல் அந்தக் கோட்டைப் பிடித்தே ஓடும். 220 கிரிட் வரை போய்விட்டு உலையில் வையுங்கள். வால் சேரும் இடம், ஆணித்துளை கூர்மூலையாக இருந்தால் வளைவாக்கி, துளை விளிம்பை மழுக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வந்தால் நைட்ரஜனுக்கு முன் 150 டிகிரியில் ஒரு மணி டெம்பர். விரிசல் குறையும், அதற்கு விலையாகக் கொஞ்சம் ஆஸ்டினைட் மாறாமல் நிற்கும். சிக்கலான வடிவத்துக்கு மட்டும் அதைச் செய்யுங்கள், எல்லாக் கத்திக்கும் பழக்கமாக்காதீர்கள்.

---

கோத்தகிரி_பட்டறை

முடிவுக்கு வந்துவிட்டேன். 35 லிட்டர், 125 மி.மீ. வாய், வண்டியில் ஏற்றும் வகை. 12-15 லிட்டர் மட்டும் வாங்கி ஆவியில் தொங்கவிடும் முறை, பெரிய கத்திக்குக் குழாய். பத்து அலகுக்கு எவ்வளவு திரவம் போகும்? கையுறை எது?

---

குன்னூர்_உலை

நல்ல தேர்வு. ஒரு கிலோ எஃகைக் குளிர்விக்க அரை லிட்டர் என்று வைங்க. 180 கிராம் அலகு பத்து என்றால் 1.8 கிலோ, 900 மி.லி. குழாயைக் குளிர்விக்க 300 மி.லி. திறந்து மூடுவதில் இன்னொரு லிட்டர். ஒரு நாள் வேலைக்கு ரெண்டரை லிட்டர் ஒதுக்குங்க. நாளுக்கு 0.4 லிட்டர் தானாகவும் போகும். 15 லிட்டர் அடுத்த மாதம் வரை நிற்காது. அதனால் மாதம் முழுவதும் அடித்துச் சேர்த்து, ஒரே வாரத்தில் தோய்ச்சல் எல்லாம் முடிக்கிற மாதிரி வேலையை வகுத்துக்கோங்க. திரவம் கத்திக்குச் செலவாகட்டும், காத்திருப்புக்குச் செலவாக வேண்டாம்.

கையுறை: தளர்வான தோல் கையுறை, உதறினால் கழன்று விழணும். குளிருக்குப் போடுகிற கம்பளிக் கையுறை கூடவே கூடாது, திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிக்கும். முகத்துக்கு முழு ஷீல்டு. மூடின ஷூ, பேன்ட் ஷூவுக்கு வெளியே.

---

உதகை_பால்பண்ணை

புதுக் கேனை முதல் தடவை நிரப்புவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூடான கேனில் ஒரே மூச்சாக ஊற்றச் சொல்லாதீர்கள், கழுத்து ஒட்டுக்கு அது நல்லதல்ல. ஒரு லிட்டர் ஊற்றி, மூடியைச் சும்மா மேலே வைத்து, பொங்கல் அடங்கும்வரை நிற்கட்டும். பிறகு இன்னொரு லிட்டர். அதன்பின் மெதுவாக மீதி. புனலின் காம்பு கழுத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும், கழுத்துச் சுவரில் திரவம் வழியக்கூடாது.

கார்க் மூடியைச் சுற்றிப் பனி கட்டினால் கத்தியால் சுரண்ட வேண்டாம். மூடியை வெளியே எடுத்து உலரவைத்துத் துடைத்து மாட்டுங்கள். மூட்ட மாதங்களில் இதை நாள்தோறும் பாருங்கள். பனி வளையம் மூடியோடு ஒட்டி வாயை அடைத்துவிட்டால் ஆவிக்குப் போக்கிடம் இல்லை. கேன் காலியானதும் தலைகீழாகச் சாய்த்து ரெண்டு மூன்று நாள் உலரவிட்டு, உள்ளே டார்ச் அடித்து, அடியில் ஈரம் மினுங்கவில்லை என்று பார்த்துவிட்டு அடுத்த தடவை கீழே அனுப்புங்கள்.